பெரிதாகிக்கொண்டே போன கரடிக்குட்டி

சின்னராஜ் என்ன வேலை செய்கிறான் என்று அவன் ஊர்க்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கம்ப்யூட்டரில் பொம்மை போடுகிறான் என்பார் ஒருவர். போனில் கரடி விடுகிறான் என்பார் இன்னொருவர். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கும் மேலே, பஸ் நின்று திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் நடந்து போகவேண்டிய சின்னக்கீழ்ப்பட்டில், சாமை விதைக்காமல், புளி உலுக்காமல், அடிவாரத்துத் தோல் கம்பெனிக்கும் போகாமல், முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை ஒருத்தன் நாள் முழுக்கப் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஊர் வேறு என்ன சொல்லும்? மூன்று வயதிலிருந்து ஆறேழு வயது வரைக்கும் உள்ள வாண்டுகள் விரலால் தொட்டுத் தொட்டு விளையாடுகிற கேம்களை வடிவமைப்பதுதான் அவன் வேலை. மலையிலுள்ள பால்வாடிகளில் பாதிக்கு மேல் அவனுடைய கரடிக்குட்டிதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கரடிக்குட்டி இப்போதெல்லாம் விளையாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்கிறது. ஒரு கையால் தன் ஒரு கண்ணைப் பொத்திக்கொள்கிறது. பிள்ளையையும் பொத்தச் சொல்கிறது. அப்போது சின்னதாக ஒரு எறும்பு வரும், அதைத் தொடவேண்டும். அப்புறம் மறு கண்ணைப் பொத்தவேண்டும், இன்னொரு எறும்பு வரும். எறும்பைத் தொட முடியாத பிள்ளை யார் என்று டீச்சருக்குத் தெரிந்துவிடும். அருமையான யோசனை என்று எல்லோரும் சின்னராஜைப் பாராட்டுகிறார்கள். பாராட்டுகிறவர்களிடம் அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த எறும்பு நாலைந்து வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருந்தால் அவன் தங்கச்சி மகள் வெண்ணிலாவுக்கு இடது கண் மிஞ்சியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். பாராட்டுகிறவர்களுக்குத் தெரியாது.

சின்னராஜ் வாணியம்பாடியில் ஹாஸ்டலில் தங்கி டிப்ளமா படித்தவன். படிப்பு சுமார்தான், படம் வரைவதில் கெட்டிக்காரன். முடித்த கையோடு பெங்களூரில் பெரிய பையன்களுக்கான சண்டைக் கேம் செய்கிற ஒரு கம்பெனிக்குப் போனான். அங்கே அவனைத் துப்பாக்கி வரையச் சொன்னார்கள். முழுத் துப்பாக்கிகூட இல்லை, பிடி மட்டும். குழலை வரைய வேறு ஆள் இருந்தான். பத்து வருஷம் பிடி வரைந்தான். அப்பா செத்துப்போனார், தங்கச்சி சசிகலாவின் வீட்டுக்காரன் ரமேஷ் திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போய்விட்டான், வீட்டில் ஆம்பிளைத் துணை இல்லை என்று ஆனதும், பிடியை விட்டுவிட்டு மலைக்கு வந்து சேர்ந்தான். அப்போது வெண்ணிலாவுக்கு நாலு வயது.

அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தாரிக், வாணியம்பாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். தோல் வியாபாரிகளுக்கு பில் போடுகிற மென்பொருள் எழுதிக் கொடுப்பது அவன் பிழைப்பு. பால்வாடிகளுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருந்த ஒரு தொண்டு நிறுவனம் தாரிக்கைத் தேடி வந்தது. டேப்பில் இருக்கிற கேம் எதுவும் மலைப்பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை என்றார்கள். எப்படி ஒட்டும்? ஸ்ட்ராபெரியைத் தொடு, பனிமனிதனைத் தொடு என்றால் சாமைக்கஞ்சி குடித்த பிள்ளை எதைப் போய்த் தொடும்? தாரிக் சின்னராஜுக்குப் போன் போட்டான். "நீ வரை, நான் ஓட விடறேன்" என்றான். அப்படிப் பிறந்ததுதான் பசிக்கிற கரடிக்குட்டி. பலாச்சுளை, தேன், நாவல்பழம், புளியம்பழம் என்று கேட்கும். பிள்ளை சரியானதைத் தொட்டால் வாங்கித் தின்றுவிட்டு வயிற்றைத் தட்டிக்கொள்ளும்.

கேம் செய்கிறவன் யாராக இருந்தாலும் ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்தாகவேண்டும். சின்னராஜுக்குப் பிள்ளை தேடி அலையவேண்டிய அவசியமில்லை, வீட்டிலேயே வெண்ணிலா இருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள், கேமையும் அதே மடியில் உட்கார்ந்துதான் விளையாடினாள். முதல் நாள் கரடிக்குட்டி பலாச்சுளை கேட்டது. வெண்ணிலா சுளையைத் தொட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தித் தொட்டாள். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. போனை மாமன் கையில் திணித்துவிட்டு, "எனக்குத் தெர்ல மாமா" என்று எழுந்து போய்விட்டாள். அவள் முகம் வாடிப்போனதை அவனால் தாங்க முடியவில்லை. திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. போனைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரல் ஸ்கிரீன் ஓரத்தில் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு விரல் பட்டால் கேம் குழம்பிவிடும். ஓரத்தில் விரல் பட்டால் கண்டுகொள்ளாதபடி கேமை மாற்றித் தரத் தாரிக்கிடம் சொன்னான். மறுபடி கொடுத்தபோது வெண்ணிலா கரடியின் வயிறு வெடிக்கும் அளவுக்கு ஊட்டினாள்.

அன்றைக்குத்தான் சின்னராஜ் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். பிள்ளை தப்புப் பண்ணாது, கேம்தான் தப்புப் பண்ணும். பிள்ளைக்கு ஏதாவது வரவில்லையென்றால் பிள்ளையைத் திருத்தாதே, கேமைத் திருத்து. நல்ல சட்டம்தான், இந்தத் தொழிலில் இதைவிட நல்ல சட்டம் கிடையாது. பிள்ளைகளுக்குக் கேம் செய்கிறவர்களில் பாதிப்பேர் இது தெரியாமல்தான் பிள்ளைகளை அழவைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் அவன் அதை அவ்வளவு நம்பினான்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தான். வெண்ணிலா விளையாடும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டான், விரலைத்தான் பார்ப்பான். முகம் மாமனுக்காகச் சிரிக்கும், விரல் யாருக்காகவும் நடிக்காது என்பது அவன் கணக்கு. விரல் எங்கே தயங்குகிறது, எங்கே சட்டென்று போகிறது, எந்தப் படத்தைத் தாண்டிப் போகிறது என்று பார்த்துப் பார்த்து மாற்றுவான். அவளும் சின்ன மேஸ்திரி மாதிரி உத்தரவு போடப் பழகிவிட்டாள். தேனடையைச் சுற்றி அஞ்சு தேனீ பறக்கிற ஆட்டம் ஒன்று வந்தது. இரண்டைப் பிடித்தாள், மற்றதெல்லாம் தப்பிப்போயின. போனை நீட்டினாள்.

"மாமா, பெருசு பண்ணு."

பண்ணினான். அடுத்த தடவை அஞ்சையும் பிடித்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. நாவல்பழம் சின்னதாக இருக்கிறது என்றால் பெரிதாகும். புளியம்பழமும் மரமும் ஒரே நிறமாகத் தெரிகிறது என்றால் மரம் வெளுத்துப்போகும். கோடு மெல்லிசாக இருக்கிறது என்றால் தடித்துவிடும். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவனே விரலைப் பார்த்துப் பெரிதாக்கிவிடவும் பழகிக்கொண்டான். சொல்லாமலே புரிந்துகொள்கிற மாமன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

இதற்கிடையில் வெண்ணிலாவின் இடது கண் உள்ளே திரும்ப ஆரம்பித்திருந்தது. எப்போதும் இல்லை. எதிர்மலையைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் நேராகத்தான் இருக்கும். போனைக் கையில் எடுத்தால் இடது கண் மட்டும் மூக்கைத் தேடிக்கொண்டு போய்விடும். குழாயடியில் பெண்கள் பார்த்துவிட்டு, "மாறுகண்ணு சசி. வூட்டுக்கு அதிர்ஷ்டம். யாருக்கு அமையும்?" என்றார்கள். மாறுகண் அதிர்ஷ்டம் என்பதை மலையிலும் நம்புகிறார்கள், கீழேயும் நம்புகிறார்கள், படித்தவர்களும் நம்புகிறார்கள். சசிகலாவுக்குச் சந்தோஷம். சின்னராஜுக்கு அதைவிடச் சந்தோஷம். அவன் கரடிக்குட்டிக்கு அதுவரை ஒரு குணம் அமையாமல் இருந்தது, பார்த்தால் எல்லாக் கரடியும் போல இருந்தது. இடது கண்ணைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வரைந்தான். அவ்வளவுதான், கரடிக்கு உயிர் வந்துவிட்டது. தேனைப் பார்த்தால் கண் மூக்குக்கு வரும், தின்று முடித்தால் நேராகும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேம் மலையைத் தாண்டி மற்ற மாவட்டங்களுக்கும் போனது. எங்கேயோ ஒரு பிள்ளை கரடியை வரைந்து அனுப்பியிருந்தது, அதிலும் இடது கண் உள்ளே திரும்பியிருந்தது. அதிர்ஷ்டம் என்று சொன்னது பலித்துவிட்டதே என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

பார்த்ததை அத்தனை துல்லியமாகப் பார்த்து வரைந்தவனுக்கு, இது ஏன் இப்படித் திரும்புகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

ஒருவரும் சொல்லவில்லை என்று சாக்குச் சொல்லவும் அவனுக்கு வழியில்லை. ஊர்ப் பால்வாடி டீச்சர் அமுதவல்லி சொன்னார். புதுக் கேமைப் பிள்ளைகளுக்குக் காட்ட அவன் போயிருந்த ஒரு நாள், அடுப்பில் பிள்ளைகளுக்கு உலை வைத்துவிட்டு அவனிடம் வந்து நின்றார்.

"வெண்ணிலா போனை மூக்குல ஒட்ட வெச்சிக்கினு பாக்குது சார். மத்த புள்ளைங்க யாரும் அப்படி இல்ல. சாயங்காலமானா தலை வலிக்குதுன்னும் சொல்லுது. கீழ போறப்ப ஒருவாட்டி கண்ணு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுங்களேன்."

"படம் சின்னதா இருக்குது டீச்சர், அதான். நான் பெருசு பண்ணிடறேன்" என்றான் சின்னராஜ்.

அமுதவல்லி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உலை பொங்கியது, ஓடிப்போனார். சின்னராஜ் சொன்னபடியே செய்தான். அந்த வாரமே எல்லாப் படமும் பெரிதாகிவிட்டது. வெண்ணிலா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். பார்த்தாயா, கேமில்தான் தப்பு என்று அவனுக்கு நிம்மதி வந்தது.

அடுத்த வருஷம் சாமை அறுப்புச் சமயத்தில், கீழேயிருந்து டாக்டர்கள் வந்து ஜமுனாமரத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். முகாம் வருவதே அபூர்வம். பக்கத்திலேயே காவலூர் வானாய்வகத்தில், எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் இருக்கிற வெள்ளியைப் பார்க்க ஆளுயரத்தைவிடப் பெரிய கண்ணாடி வைத்திருக்கிறார்கள். மலைப்பிள்ளையின் கண்ணைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு நாள் ஜீப்பில் ஆள் வந்தால் உண்டு. சசிகலா அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டாள்.

"இன்னாண்ணா, வெண்ணிலாவ இட்டுக்கினு போட்டுமா? எல்லாரும் போறாங்கோ. அறுப்பு கெடந்தாலும் பரவால்ல, போய்ட்டு வந்துடறேன்."

"எதுக்கு அலையிற? இங்க பாரு" என்றான் சின்னராஜ்.

வெண்ணிலாவைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தான். தேனீ ஆட்டத்தைப் போட்டான். டக் டக்கென்று ஒன்று விடாமல் தொட்டாள். ஸ்கிரீன் முழுக்க நட்சத்திரம் கொட்டியது. வெண்ணிலா அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"கண்ணு தெரியாத புள்ளையா இப்படித் தொடும்? நல்லா தெரியுது சசி. நீ போய் வேலையப் பாரு."

சசிகலாவும் சிரித்துவிட்டு வயலுக்குப் போய்விட்டாள். அண்ணன் படித்தவன், பெங்களூர் வரைக்கும் போய்வந்தவன், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒரு சட்டையை ஒருத்தியின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்துவிட்டு, அது அவளுக்குச் சரியாக இருக்கிறதே, அப்படியானால் அவள் வளர்த்தி சரிதான் என்று சொன்னது போலத்தான் அவன் காரியம். அவள் கண்ணுக்கு எட்டாத தேனீ ஒவ்வொன்றையும் அவன்தான் எட்டும்படி ஊதிப் பெரிதாக்கி வைத்திருந்தான். அந்தத் தேனீயையே அவள் கண்ணுக்குச் சாட்சியாகக் கூப்பிட்டான். முகாம்காரர்கள் அன்று சாயங்காலமே ஜீப்பேறி இறங்கிப்போனார்கள்.

அதற்கப்புறம் சென்னையில் ஒரு கூட்டத்தில் அவனை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். "பிள்ளை தப்புப் பண்ணாது, கேம்தான் தப்புப் பண்ணும்" என்று சொன்னான். கைதட்டினார்கள். ஒரு பெண்மணி அதைக் குறித்துக்கொண்டார். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போது அவனுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

வெண்ணிலாவுக்கு எட்டு வயதாகிற வரைக்கும் இப்படியே ஓடியது. ஒரு சனிக்கிழமை வழக்கம்போல ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு இறங்கிப்போனான். தாரிக் முகம் சரியில்லை. தொண்டு நிறுவனத்திலிருந்து புதுக் கேமைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இது ரொம்பச் சுலபம், படமெல்லாம் கைக்குழந்தைக்குப் போட்டது போல இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

"அவங்களுக்கு இன்னா தெரியும் பாய்? நான் புள்ளைகிட்ட குடுத்துப் பாத்துதான் செஞ்சேன்" என்று சின்னராஜ் சண்டைக்கு நின்றான்.

தாரிக் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து, இத்தனை வருஷத்துக் கேம்களையும் வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் திறந்தான்.

"இத பாரு. மொத கேம்ல தேனீ இந்த சைஸு. அப்போ நாலு வயசுப் பசங்களுக்குச் செஞ்சோம். இது அஞ்சு வயசுக்கு. இது ஆறு. இது இப்ப செஞ்சது. பசங்க வளர வளர படம் சின்னதாவணும்பா. உன்னுது இன்னாடான்னா வருஷா வருஷம் பெருசாயிக்கினே போவுது. யார வெச்சிப் பாக்குற நீ?"

"நம்ம வெண்ணிலாவத்தான்."

தாரிக்கின் விரல் ஸ்கிரீனிலேயே நின்றது. தேனீயிலிருந்து மெதுவாக நகர்ந்து கரடிக்குட்டியின் முகத்துக்கு வந்தது. முதல் கரடிக்குக் கண் நேராக இருந்தது. இரண்டாவதற்கு இடது கண் லேசாக உள்ளே போயிருந்தது. அடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். கடைசிக் கரடிக்கு மூக்கோரமே வந்துவிட்டது.

"இந்தக் கண்ண எங்க பாத்து வரைஞ்ச சின்னராஜ்?"

வரிசையாக நாலு கரடி சின்னராஜைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அந்தந்த வருஷத்து வெண்ணிலா. தாரிக் "மொதல்ல போய்ப் புள்ளையக் காட்டு. கேம் கெடக்கட்டும்" என்று மட்டும் சொல்லி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டான்.

மலை பஸ் அன்றைக்கு ஊர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவன் தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு வந்தான். மாறுகண் எத்தனையோ பேருக்கு இருக்கிறது, அவர்களெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை.

வெண்ணிலா வீட்டு வாசலில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். வெயில் நன்றாக இருந்தது. சின்னராஜ் பையைக் கூட இறக்காமல் அவள் எதிரில் உட்கார்ந்தான். ஒரு கையால் அவள் வலது கண்ணைப் பொத்தினான். இன்னொரு கையில் ஒரு புளியங்கொட்டையை எடுத்து நீட்டினான்.

"மாமா கையில இன்னா இருக்குது, சொல்லு."

வெண்ணிலா சிரித்தாள். அவன் கையைப் பிடித்து விலக்கப் பார்த்தாள்.

"கைய எடு மாமா. அதுதான் பாக்குற கண்ணு. இது சும்மாக் கண்ணு."

"இத ஏன்மா யார்கிட்டயும் சொல்லல?"

"எல்லாருக்கும் அப்படித்தானே?" என்றாள் அவள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "நீ கேக்கலயே மாமா" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் மூன்று பேரும் வேலூருக்குக் கிளம்பினார்கள். போளூரில் பஸ் மாறினார்கள். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது சசிகலா பிள்ளைக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். பஸ் மறுபடி கிளம்பி வெகுதூரம் போன பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"நல்லா தெரியுதுன்னு நீதானண்ணா சொன்ன."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படியானால் இப்போது எப்படித் தெரியாமல் போகும், நீ சொன்னது சரியாகத்தானே இருக்கும் என்று ஆறுதல் தேடித்தான் கேட்டாள். திட்டியிருந்தால் அவன் வாங்கிக் கட்டிக்கொண்டு கொஞ்சம் மூச்சு விட்டிருப்பான். அவள் இன்னும் அவனை நம்பிக்கொண்டிருந்தாள், அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்தார்கள், விளக்கடித்துப் பார்த்தார்கள். டாக்டர் ஒரு நடுவயதுப் பெண்மணி, பொறுமைசாலி. "பிறந்ததிலிருந்தே கண் இப்படித் திரும்புமா?" என்று கேட்டார். சசிகலாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. காது குத்தின போட்டோவில் நேராக இருக்கிறது என்றாள். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் மறுபடி கேட்டார். சின்னராஜ் போனை எடுத்துக் கரடிக்குட்டிகளை ஒவ்வொன்றாகக் காட்டினான். இது நாலு வயதில், இது அஞ்சு வயதில் என்று சொன்னான். டாக்டர் போனை வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"எவ்வளவு சரியா வரைஞ்சிருக்கீங்க" என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை, மெய்யாகவே ஆச்சரியப்பட்டார். அப்புறம் சசிகலாவுக்குப் புரியும்படி சொன்னார். பிள்ளைக்கு இரண்டு கண்ணிலும் பவர் அதிகம். கிட்டத்தில் பார்க்கச் சிரமப்படும்போதுதான் ஒரு கண் உள்ளே போகிறது. அப்படிப் போன கண்ணை மூளை மெல்ல மெல்லக் கைவிட்டுவிடும். நாலு வயதில் ஒரு கண்ணாடி போட்டிருந்தால் கண்ணும் நேராகியிருக்கும், பார்வையும் தங்கியிருக்கும்.

"இப்போ எட்டு வயசாயிடுச்சு. வலது கண் கண்ணாடி போட்டா நல்லா வந்துடும். இடது கண்ணுல இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்குதுன்னு கண்ணாடி போட்டுப் பார்த்தாத்தான் தெரியும். இருக்கிறதை வெச்சு மேல பார்ப்போம்."

மருந்தின் வீரியம் போன பிறகு இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அந்த நாள் வருவதற்குள் சசிகலா வேண்டாத தெய்வமில்லை. கண்ணாடி போட்டால் தெரியும், டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சின்னராஜும் நம்பத்தான் செய்தான். கொஞ்சமாவது மிச்சம் இருக்கட்டும், பாதியாவது இருக்கட்டும் என்று மனசுக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

பரிசோதனை அறையை இருட்டாக்கினார்கள். எதிர்ச் சுவரில் வெளிச்சப் பலகையில் எழுத்துகள், மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சின்னதாக. வெண்ணிலாவின் மூக்கில் வட்டவட்டமான கனத்த சட்டத்தை மாட்டி அதில் கண்ணாடிகளைப் போட்டார்கள். முதலில் இடது கண்ணை மறைத்தார்கள். வெண்ணிலா பலகையை உற்றுப் பார்த்தாள். பிறகு மேல் வரியைப் படித்தாள். அடுத்த வரியைப் படித்தாள். அதற்கும் கீழே, அதற்கும் கீழே என்று போய்க்கொண்டே இருந்தாள். தமிழ் எழுத்து இத்தனை கூர்மையாக இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "அம்மா, ஓரமெல்லாம் தெரியுது" என்றாள். சசிகலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டாக்டர் கறுப்பு வட்டத்தை இடதுபக்கத்திலிருந்து எடுத்து வலதுபக்கத்தில் போட்டார்.

"இப்ப படிம்மா."

வெண்ணிலா பார்த்தாள். கழுத்தை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தாள், மறுபக்கம் சாய்த்துப் பார்த்தாள். டாக்டர் கண்ணாடியை மாற்றிப் போட்டார், இன்னொன்று மாற்றினார். குச்சியால் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஒற்றை எழுத்தைத் தொட்டுக் காட்டினார். வெண்ணிலாவுக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. இப்படி ஏதாவது தெரியாமல் போனால் என்ன செய்யவேண்டும் என்பது அவளுக்கு நாலு வயதிலிருந்தே பழக்கம். மூலையில் மாமன் நின்றிருந்த பக்கம் திரும்பினாள்.

"மாமா, பெருசு பண்ணு."

சசிகலா அண்ணனைப் பார்த்தாள். டாக்டர் குச்சியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார். சின்னராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பலகையில் அதைவிடப் பெரிய எழுத்து இல்லை.